ஊசி துள்ளாமல் இருக்க: கொழும்பு வீட்டில் டேர்ன்டேபிளுக்கும் ஸ்பீக்கருக்கும் அதிர்வை அடக்குவது எப்படி

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில் இருக்கிறேன். ஒரு பக்கம் கடற்கரை ரயில் பாதை, மறு பக்கம் காலி வீதி பஸ். போன வருடம் பழைய டேர்ன்டேபிள் (இசைத்தட்டுப் போடும் கருவி) ஒன்று கைக்கு வந்தது. சத்தத்தைப் பாதிக்குக் கிட்டக் கூட்டினால் 'ஊஊ' என்று அடியிலிருந்து ஒரு இரைச்சல் கிளம்பி ஸ்பீக்கர் கூம்பு முன்னும் பின்னும் ஆடும். ஒருநாள் கீழ் வீட்டு அன்ரி மேலே வந்து, "தம்பி, உங்கட வீட்டில கிரைண்டர் ஓடுதோ?" என்று கேட்டார். அன்றிலிருந்து எட்டு மாதம் கண்டதையெல்லாம் வாங்கிப் போட்டேன். ஸ்பீக்கருக்குக் கூர் ஆணிக் கால்கள், வோஷிங் மெஷினுக்குக் கீழ் வைக்கும் றப்பர், வெளிநாட்டிலிருந்து கருவிக்குக் கீழ் வைக்கும் பித்தளைக் கூம்புகள் என்று 35,000 ரூபாவுக்குக் கிட்டப் போனது, இரைச்சல் போகவில்லை. கடைசியில் தீர்த்தது 14,000 ரூபாவுக்குள் முடிந்த ஒரு வேலை. நான் பிழை விட்ட இடங்களில் நீங்களும் விடாமல் இருக்க, செய்ய வேண்டிய ஒழுங்கிலேயே எழுதுகிறேன். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: எடை பார்க்காமல் எந்தச் சாமானும் வாங்காதீர்கள்.

1. அதிர்வு எந்த வழியாக வருகிறது என்று பிடியுங்கள்

ஒரு சனிக்கிழமை பின்னேரம் போதும், காசு ஒன்றும் இல்லை. அதிர்வுக்கு மூன்று வழி உண்டு: நிலத்தால் வருவது (நடை, ரயில், பஸ், பக்கத்துக் கட்டட வேலை), காற்றால் வருவது (உங்கள் ஸ்பீக்கரின் பாஸ், அதாவது கனத்த அடி ஒலி, திரும்பிவந்து ஊசியைத் தாக்குவது), கருவிக்குள்ளேயே பிறப்பது (மோட்டர், ட்ரான்ஸ்போமர்). எது என்று தெரியாமல் மருந்து போட்டால் என் கதைதான்.

பெறுமதி இல்லாத ஒரு இசைத்தட்டை வைத்து, தட்டு சுழலாமல், ஊசியை அதன்மேல் இறக்குங்கள். சத்தத்தைக் குறைவிலிருந்து மெதுவாகக் கூட்டி, வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு வாருங்கள். விரல் மடக்கி றாக்கையைத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் 'தொம்' என்று பெரிதாகக் கேட்டால் றாக்கை அதிர்வை அப்படியே ஏற்றிக் கொடுக்கிறது. அப்புறம் யாரையாவது அறைக்குள் நடக்கச் சொல்லுங்கள். ரயில் பாதைக்குக் கிட்ட இருந்தால் ரயில் வரும் வரை அப்படியே இருங்கள். எனக்கு அது வந்தபோது ஸ்பீக்கரில் சத்தமே இல்லை, கூம்பு மட்டும் மெல்ல ஆடியது. காதுக்குக் கேட்காத அளவு கீழான அலை அது.

கடைசியாக, ஊசி அசையாத தட்டில் இருக்கும்போதே சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள். ஒன்றும் ஓடாமலே ஒரு இரைச்சல் தானாகப் பிறந்து வளரத் தொடங்கினால், உடனே குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்பீக்கர் போய்விடும். அது ஸ்பீக்கரின் ஒலி காற்றாலும் றாக்கையாலும் ஊசிக்கே திரும்பி வரும் வளையம். என் வீட்டில் குற்றவாளி இதுதான், ரயில் இல்லை. ஆனால் நான் எட்டு மாதமும் ரயிலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

கையில் ஸ்மார்ட்போன் இருந்தால் ஃபைஃபொக்ஸ் என்ற இலவசச் செயலியைப் போடுங்கள், ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தில் செய்தது. போனை றாக்கைத் தட்டில் படுக்க வைத்து நிலத்தில் ஒருதரம் குதித்தால், எந்த அதிர்வெண்ணில் தட்டு ஆடுகிறது என்று வரைபடம் காட்டும். ஐந்தாம் படியில் டேர்ன்டேபிளுக்குக் கீழ் கல்லும் ஸ்ப்ரிங்கும் வைத்து மேடை செய்தபின் திரும்பவும் எடுத்து ஒப்பிட, அந்தப் படத்தைச் சேமித்து வையுங்கள்.

2. எடை பாருங்கள், மூலை மூலையாக

இந்தப் படியைத்தான் எல்லாரும் விடுகிறார்கள். சமையலறையில் மா நிறுக்கும் டிஜிட்டல் தராசு போதும், 10 கிலோ வரை தாங்குவதாக இருந்தால் நல்லது. ஒரு காலின் கீழ் தராசை வையுங்கள், மற்ற மூன்று காலின் கீழும் அதே உயரத்துக்குப் புத்தகமோ பலகையோ வைத்து மட்டமாக்குங்கள். தராசு காட்டுவதை எழுதிக்கொண்டு அடுத்த காலுக்குப் போங்கள். என்னுடையதைக் கல் மேடையோடு சேர்த்துப் பார்த்தபோது நான்கு மூலையிலும் 3.9, 4.3, 5.2, 4.8 கிலோ வந்தது. நாலாகப் பிரித்து நாலரைக் கிலோ என்று எடுத்திருந்தால் ஒரு மூலை தாழ்ந்து மறு மூலை எழும்பியிருக்கும். மோட்டரும் ட்ரான்ஸ்போமரும் இருக்கும் பக்கம் எப்போதும் கனம்.

ஜப்பானிலிருந்து வந்த பழைய டேர்ன்டேபிள் வாங்கியவர்களுக்கு ஒரு குறிப்பு. அது 100 வோல்ட், நம்முடையது 230. இடையில் ஒரு ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் போட வேண்டும், அந்தப் பெட்டியே 100 ஹெர்ட்ஸில் (செக்கனுக்கு 100 தரம்) முனகும். அதை அதே றாக்கையில் வைக்காமல் கீழே நிலத்தில், ஒரு துண்டுக் கம்பளத்தின் மேல் வையுங்கள்.

3. இடத்தை மாற்றிப் பாருங்கள்

டேர்ன்டேபிளை ஸ்பீக்கர் இருக்கும் அதே மேசையில் வைக்காதீர்கள். ஸ்பீக்கரின் மேலே வைப்பதை எழுதவே கூடாது, ஆனால் இரண்டு வீட்டில் பார்த்துவிட்டேன். அறையின் மூலையில்தான் பாஸ் அழுத்தம் அதிகம், அங்கேயிருந்து ஒரு மீட்டர் வெளியே இழுத்தாலே பாதி வித்தியாசம் தெரியலாம். பிளாஸ்டிக் மூடியைப் பாட்டு ஓடும்போது கழற்றிவிடுங்கள், அது ஒலியை வாங்கும் பாய்மரம் மாதிரி. இதையெல்லாம் செய்துவிட்டு ஒரு கிழமை கேளுங்கள். போதும் என்று பட்டால் இதோடு நிற்கலாம்.

4. றாக்கையா, சுவர்த் தட்டா

உங்கள் நிலம் எது என்பதைப் பொறுத்தது. தொடர்மாடியின் கொங்கிறீட் தளம் என்றால் நிலத்தில் நிற்கும் கனமான றாக்கை சரி. பழைய வீடுகளின் மேல்மாடியில் மரப்பலகைத் தளம் இருந்தால், நடக்கும்போது முழு றாக்கையும் தலையாட்டும். அங்கே சுவர்த் தட்டுதான் ஒரே வழி, ஸ்ப்ரிங் போட்டால் ஆட்டம் இன்னும் மோசமாகும்.

றாக்கை செய்விப்பதானால் மொரட்டுவைப் பக்கம் மரவேலை பாஸ்மாரிடம் (தச்சர்களிடம்) கொடுக்கலாம். அகலம், உயரம், தட்டு கனம் எல்லாம் மில்லிமீட்டரில் எழுதி ஒரு படம் வரைந்து கொடுங்கள், வாயால் சொன்னால் ரி.வி. ஸ்டாண்ட்தான் வரும். பின்பக்கத்தில் குறுக்காக ஒரு சட்டம் கேளுங்கள், பக்கவாட்டு ஆட்டம் அதில்தான் நிற்கும். எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம். கடல் காற்றில் ஓரம் ஊதிவிடும், ஆணி பிடிக்காது. நல்ல பிளைவூட் அல்லது பலா, தேக்கு. இரும்புச் சட்டம் என்றால் துருப்பிடிக்காமல் பவுடர் கோட்டிங் கட்டாயம். ஒரு கிழமை என்று சொன்ன வேலை எனக்கு மூன்றரைக் கிழமை எடுத்தது, நடுவில் சித்திரைப் புத்தாண்டு வந்து பட்டறை மூடிவிட்டது. ஏப்ரலில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். முற்பணம் பாதிக்கு மேல் வேண்டாம், தொகையும் திகதியும் எழுதிய துண்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

சுவர்த் தட்டுக்குத்தான் கடதாசி வேலை அதிகம். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் எடுங்கள். வட்ஸ்அப் செய்தி போதும் என்று பலர் சொல்வார்கள், நான் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம், வெளியேறும்போது சுவர்த் துளையைக் காட்டி முற்பணத்தில் கழிப்பது வழக்கம் என்பதால். தொடர்மாடியில் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் இருக்கும், அவர்களுக்கு ஒரு கடிதம்: எந்தச் சுவர், எத்தனை துளை, எந்த நாள், எத்தனை மணி, வேலைக்கு வருபவரின் அடையாள அட்டைப் பிரதி. இந்தப் பிரதி இல்லாமல் வாசல் காவலர் என் ஆளைத் திருப்பி அனுப்பி, ஒரு நாள் கூலி சும்மா போனது. துளைக்கும் நேரத்துக்கு ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு கட்டுப்பாடு உண்டு, முதலிலேயே கேளுங்கள். எனக்கு அனுமதி வர ஒன்பது நாள்.

சுவரைத் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் கேட்டால் அது தடுப்புச் சுவர், கனமான தட்டு தாங்காது. லிப்ட் ஓடும் குழிக்கு ஒட்டிய சுவரும் வேண்டாம், மோட்டர் ஓடும்போதெல்லாம் ஊசிக்குத் தெரியும். பிளக் பொயின்டுக்கு நேர் மேலும் நேர் கீழும் துளைக்காதீர்கள், உள்ளே வயர் போகும். ரோல் பிளக் (துளைக்குள் அடிக்கும் பிளாஸ்டிக் ஆப்பு) சின்னதாகப் போட்டு ஏமாற்றுவார்கள், தட்டும் கல்லும் கருவியும் சேர்ந்த எடையைச் சொல்லி, அதற்கேற்ற விரியும் போல்ட் கேளுங்கள். இவையெல்லாம் பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடைகளில் இருக்கும்.

5. மேடை செய்வது

இங்கேதான் நான் காசை விட்டேன், அதனால் இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

மிருதுவான எதைப் போட்டாலும் அதிர்வு நின்றுவிடும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. எடையும் ஸ்ப்ரிங்கும் சேர்ந்தால் அதற்கென்று ஒரு ஆட்ட வேகம் வரும். அந்த வேகத்தில் வரும் அதிர்வை மேடை தடுக்காது, பெருக்கும். அதைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கைத் தாண்டிய பிறகுதான் தடுக்கவே தொடங்கும். மூன்று மடங்குக்குப் போனால் எட்டில் ஒரு பங்குதான் மேலே ஏறும். அந்த வேகத்தைக் கணிக்கக் கணித மேதை தேவையில்லை: கருவியை வைத்ததும் ஸ்ப்ரிங் எத்தனை சென்டிமீட்டர் அமுங்குகிறது என்று அளந்து, அதன் வர்க்கமூலத்தால் 5ஐப் பிரியுங்கள். ஒரு சென்டிமீட்டர் அமுங்கினால் 5 ஹெர்ட்ஸ். நாலு மில்லிமீட்டர் என்றால் கிட்டத்தட்ட 8.

இப்போது வோஷிங் மெஷின் றப்பருக்கு வாருங்கள். நாலு துண்டு 2,800 ரூபா. பிழியப் பார்த்தால் நல்ல மிருது என்று படும், ஆனால் அது அறுபது எழுபது கிலோ மெஷினுக்குச் செய்தது. என் 9 கிலோ டேர்ன்டேபிளை வைத்தால் கால் மில்லிமீட்டர்கூட அமுங்கவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள், 30 ஹெர்ட்ஸுக்கு மேல் வரும். றப்பர் ஆடும்போது இன்னும் விறைக்கும், ஆகவே உண்மையில் அதற்கும் மேல். அதாவது பாஸ் கிட்டார் இருக்கும் இடத்தில் நானே ஒரு பெருக்கியைப் போட்டு வைத்திருந்தேன். அன்ரி இரண்டாம் தரம் வந்தது அந்தக் கிழமையில்தான்.

மறுபக்கமும் ஒரு குழி உண்டு. டேர்ன்டேபிளின் கையும் கார்ட்ரிஜும் (ஊசி பொருத்திய சின்னப் பெட்டி) சேர்ந்து வழக்கமாக 8 முதல் 12 ஹெர்ட்ஸில் ஆடும்படி அமைத்திருப்பார்கள். மேடையும் அதே இடத்தில் ஆடினால் இரண்டும் கைகோத்துக்கொண்டு துள்ளும். ஆகவே மேடைக்கு 5 ஹெர்ட்ஸ் அல்லது அதற்குக் கீழ், ஸ்ப்ரிங் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் அமுங்க வேண்டும். முழுதாக அமுங்கிச் சுருள் முட்டினால் அது வெறும் இரும்பு, ஒன்றும் தடுக்காது.

நான் செய்தது இது. சமையலறைக் கல் வெட்டும் இடத்தில் மிச்சத் துண்டு கேட்டேன், 45க்கு 38 சென்டிமீட்டர், 2 சென்டிமீட்டர் கனம், 4,500 ரூபா, ஓரம் மழுக்கியது உட்பட. கருங்கல் கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம் வரும், ஆகவே 9 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஒரு ஆள் தூக்கலாம், ஆனால் த்ரீவீலில் மடியில் வைத்துக்கொண்டு வராதீர்கள், என் தொடை இரண்டு நாள் வலித்தது. கல் தனியாக நின்றால் தட்டும்போது 'டங்' என்று மணி அடிக்கும். அதன் கீழ்ப்பக்கத்தில் 12 மில்லிமீட்டர் பிளைவூட்டை மெல்லிய றப்பர் ஷீட் நடுவில் வைத்து ஒட்டிவிட்டால் அந்த மணி செத்துவிடும். ஒட்டிய பிறகு ஒரு இரவு முழுக்கப் பாரம் வைத்து விட்டுவிடுங்கள், அதன் பிறகே மூலை எடையை எடுங்கள். அதன் கீழ் ஸ்ப்ரிங் கால்கள். உள்ளே பல ஸ்ப்ரிங் போடக்கூடிய, தேவைக்குக் கழற்றவும் கூட்டவும் முடிந்த வகையாகப் பார்த்து எடுத்தேன், அனுப்புகூலியோடு 7,800. கனமான மூலைக்கு அதிக ஸ்ப்ரிங், இலேசான மூலைக்குக் குறைவு. இரண்டாம் படியில் எழுதி வைத்த எண்கள் இப்போதுதான் கை கொடுக்கும். பிளைவூட், றப்பர் எல்லாம் சேர்த்து மொத்தம் 13,800.

டேர்ன்டேபிள் எது என்று பார்க்காமல் இதைச் செய்யாதீர்கள். தோரன்ஸ் டிடி-160, லின் எல்பி-12 போன்றவற்றில் உள்ளேயே ஸ்ப்ரிங் தொங்கல் உண்டு, அதன் கீழ் இன்னொரு ஸ்ப்ரிங் போட்டால் ஒன்றை ஒன்று ஆட்டும், அவற்றுக்கு விறைப்பான, இலேசான தட்டே நல்லது. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 மாதிரிக் கனமானவற்றுக்கு நான் சொன்ன மேடை பொருந்தும்.

சைக்கிள் டியூபைப் பாதிக் காற்றோடு பலகையின் கீழ் வைக்கும் பழைய முறையும் வேலை செய்கிறது, ஆயிரம் ரூபாவுக்குள் பரீட்சித்துப் பார்க்கலாம். ஆனால் கிழமைக்கு ஒருதரம் காற்று இறங்கிச் சரிந்துவிடும். எனக்குப் பொறுமை இல்லை.

6. ஸ்பீக்கர் பக்கம்

கூர் ஆணிக் கால் அதிர்வைத் தடுக்கும் என்று விற்கிறார்கள். தடுக்காது. ஸ்பீக்கரை நிலத்தோடு இறுக்கிப் பிடிக்கத்தான் அது. தடித்த கம்பளத்தில் அதற்குப் பயன் உண்டு, டைல்ஸ் நிலத்தில் வைத்தால் ஓட்டை விழும். எனக்கு ஒரு டைலே வெடித்தது, கீழே சீமெந்து இல்லாமல் பொள்ளலாக இருந்த டைல். ஏற்கனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் ஒவ்வொரு ஆணிக்குக் கீழும் ஒரு பத்து ரூபாக் குற்றியை வையுங்கள்.

தொடர்மாடியில் கீழ் வீட்டுக்குப் போகும் பாஸைக் குறைக்க ஆணி அல்ல, ஸ்பீக்கரின் எடைக்குப் பொருத்தமான மிருதுக் கால்கள் வேண்டும். இங்கேயும் தராசுதான். சப்வூபர் (பாஸுக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கர்) இருந்தால் அதை முதலில் தூக்கி ஒரு பாரமான பலகையின் மேல், மிருதுக் காலோடு வையுங்கள். சின்ன ஸ்பீக்கர் ஸ்டாண்டில் நின்றால், ஸ்டாண்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் நாலு மூலையிலும் புளூடேக் (போஸ்டர் ஒட்டும் பசைக் களி) உருண்டை, கச்சான் கொட்டை அளவு போதும். ஸ்டாண்டின் குழாய்க்குள் மணல் நிரப்பலாம், 5 லீற்றர் குழாய்க்குள் 8 கிலோ போகும். கடல் மணல் மட்டும் வேண்டாம், பக்கத்தில்தானே இருக்கிறது என்று நினைக்காதீர்கள், உப்பு உள்ளே இருந்தே இரும்பைத் தின்னும். ஆற்று மணலை வெயிலில் இரண்டு நாள் காயவைத்து நிரப்புங்கள்.

7. வெளிநாட்டிலிருந்து எடுப்பதானால்

கால்களையும் ஸ்ப்ரிங்கையும் எடுங்கள், றாக்கையை எடுக்காதீர்கள். கூரியர்காரர்கள் உண்மையான எடையையும் பெட்டியின் பருமனையும் பார்த்து, எது கூடவோ அதற்குத்தான் காசு எடுப்பார்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் பிரிப்பதுதான் பொதுவான கணக்கு. 55, 50, 15 அளவுப் பெட்டி ஒன்று உள்ளே பஞ்சு இருந்தாலும் எட்டேகால் கிலோ. சுங்கம் வரி போடுவது பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்புகூலியும் காப்புறுதியும் சேர்ந்த தொகைக்கு. அதற்கு மேல் 18 சதவீத வற் வரி. கனமான சாமானின் அனுப்புகூலிக்கே வரி கட்டுகிறோம் என்பதை நான் பித்தளைக் கூம்பு வந்த அன்றுதான் விளங்கிக்கொண்டேன்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: விலைச்சீட்டு, காசு கட்டியதற்கான வங்கிச் செய்தி அல்லது அட்டைக் கூற்று, அடையாள அட்டைப் பிரதி, பொருள் என்ன என்று விளக்கும் ஒரு பக்கப் படம். 'ஓடியோ' என்று மட்டும் எழுதி வந்த பெட்டியை இலத்திரனியல் கருவி என்று நினைத்து நிறுத்திவிட்டார்கள், விளக்கி எடுக்க ஆறு நாள் ஆனது. விற்பவரிடம் 'உலோக ஸ்ப்ரிங் கால்கள், மின்சாரம் இல்லாதது' என்று எழுதச் சொல்லுங்கள். விலையைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள், பிடிபட்டால் சாமானும் போகும்.

8. அம்ப், சீடி பிளேயர், மற்றவை

வால்வ் அம்ப் (கண்ணாடிக் குழாய் வால்வு போட்ட அம்ப்ளிஃபயர்) இருந்தால் வால்வைப் பென்சிலால் மெல்லத் தட்டுங்கள், ஸ்பீக்கரில் 'கிணிங்' என்று கேட்டால் அதற்கு ஒரு மிருதுக் கால் நியாயம். சொலிட் ஸ்டேட் அம்ப் (வால்வு இல்லாத ட்ரான்சிஸ்டர் வகை), ஸ்ட்ரீமர் (இணையத்திலிருந்து பாட்டு எடுக்கும் கருவி), டக் (டிஜிட்டல் சத்தத்தை அனலொக் ஆக்கும் பெட்டி) இவற்றுக்கு நான் ஒரு ரூபாவும் செலவழிக்க மாட்டேன். உறுதியான தட்டு, காற்றோட்டம், போதும். மேலே சொன்ன பித்தளைக் கூம்பு மூன்றும் இப்போது என் மேசையில் பேப்பர் பறக்காமல் பார்த்துக்கொள்கின்றன.

ஃபோனோ பிரீயம்பில் (ஊசியின் மெல்லிய சிக்னலைக் கூட்டி அம்புக்குக் கொடுக்கும் பெட்டி) கீழ் அலையை வெட்டும் சுவிட்ச் இருந்தால் போட்டுவிடுங்கள், 20 ஹெர்ட்ஸுக்குக் கீழ் இசை என்று ஏதும் இழப்பதில்லை, கூம்பு ஆட்டம் உடனே அடங்கும். ரயில் பாதைக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு இதுதான் மலிவான மருந்து.

9. இரண்டு கிழமை கழித்துத் திரும்பப் பாருங்கள்

எல்லாம் வைத்ததும் சின்ன ஸ்பிரிட் லெவலை (மட்டம் பார்க்கும் குமிழிக் குழாய்) டேர்ன்டேபிளின் சுழலும் தட்டின் நடுவிலும் நாலு பக்கத்திலும் வைத்து மட்டம் பாருங்கள். முதல் படியில் செய்த பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள், போன் படத்தையும் ஒப்பிடுங்கள். எனக்கு றாக்கையைத் தட்டினால் 'தொம்' என்பது இப்போது கிட்டத்தட்ட இல்லை, இரைச்சல் வருவதற்கு முன் கீழ் வீடு எழும்பிவிடும்.

றப்பரும் பிளைவூட்டும் மெல்ல அமிழும், ஆகவே பதினான்காம் நாள் மட்டத்தைத் திரும்பப் பாருங்கள், கொழும்புப் புழுக்கத்தில் மரமும் கொஞ்சம் அசையும். றப்பர் நேரடியாக வார்னிஷ் பூசிய மரத்தில் பட்டால் கறுப்புக் கறை பிடிக்கும், நடுவில் ஒரு மெல்லிய ஃபெல்ட் துண்டு போடுங்கள். ஸ்ப்ரிங் மேடையில் கருவி இலேசாக மிதக்கும், ஊசியை இறக்கும்போது கை பட்டால் ஆடும், அதற்கு ஒரு கிழமையில் கை பழகிவிடும். பின்னால் போகும் வயர்களை மட்டும் தளர்வாகத் தொங்க விடுங்கள். விறைத்த பவர் வயர் ஒன்று மேடையை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடிக்க எனக்கு இன்னும் நாலு நாள் ஆனது.